நூறு டாலர் பெட்டியின் கதை
மலிவான, பூட்டில்லாத வீடியோ கேம் கருவி சாத்தியமா?

1990-களில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைப் பருவத்தைக் கழித்தவரா நீங்கள்? அப்படியென்றால் தொலைக்காட்சிக்குக் கீழே கிடந்த ஒரு பெட்டி உங்களுக்கு மறந்திருக்காது. அதன் மேல் ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்றோ, யாரும் கேள்விப்படாத வேறொரு பெயரோ எழுதியிருக்கும். இரவுச் சந்தையில் வாங்கிய கேசட்டில் ‘999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே இருபது, முப்பது ஆட்டங்கள் வெவ்வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லையென்றால் கேசட்டை உருவி, அடியில் ஓர் ஊது ஊதி, மறுபடி செருகுவோம். ஊதியதால் ஓடியதில்லை, உருவிச் செருகியதில் உலோக முனைகள் சரியாகப் பொருந்தியதால்தான் ஓடியது. வாயின் ஈரம் அந்த முனைகளை மெல்ல அரித்தது என்பது பிறகு தெரிந்துகொண்ட சங்கதி.

அந்தப் பெட்டி ஒரு நகல். அசல், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம். அதை நகலெடுப்பது எளிதாக இருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அதில் பூட்டு இல்லை. பொருந்தும் வடிவில் யார் கேசட் செய்தாலும் அது ஓடும். தைவானில் பலர் செய்தார்கள். நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது அதுதான். உரிமம், காப்புரிமை பற்றியெல்லாம் அன்று நம்மில் யாரும் யோசிக்கவில்லை. விலை மலிவு, ஆட்டங்கள் ஏராளம். அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். சட்டத்துக்கு உட்பட்டு, அதே அளவு மலிவாக, யார் வேண்டுமானாலும் ஆட்டம் எழுதி வெளியிடக்கூடிய ஒரு வீட்டு வீடியோ கேம் கருவியைச் செய்ய முடியாதா? கையில் உள்ள திறன்பேசியின் சில்லே அன்றைய கருவிகளைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமானது. பிறகு ஏன் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ என்று மூன்று பெயர்களையே சுற்றி வருகிறோம்? இந்தக் கேள்வியை ஒருவர் வெறுமனே கேட்டதோடு நில்லாமல், பெட்டியாகவே செய்து விற்றும் பார்த்துவிட்டார். அதற்குமுன் அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூட்டு வந்த வழி

1977-இல் வெளிவந்த அடாரி 2600 கருவியிலும் பூட்டு இல்லை. அடாரியில் வேலை செய்த சில நிரலாளர்கள், தாங்கள் எழுதிய ஆட்டத்தில் தங்கள் பெயரைக்கூடப் போடவில்லை என்ற மனத்தாங்கலோடு விலகி, 1979-இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடாரி வழக்குப் போட்டது. முடிவில் உரிமத்தொகை கொடுப்பதாகச் சமரசம் ஏற்பட்டது. கதவு திறந்துவிட்டது. ஆட்டம் செய்யத் தெரிந்தவரும் தெரியாதவரும் உள்ளே வந்தார்கள். கடைகளில் குப்பை ஆட்டங்கள் குவிந்தன, விலை சரிந்தது. 1983-இல் அமெரிக்காவில் அந்தத் தொழிலே கவிழ்ந்தது.

நிண்டெண்டோ அந்தப் பாடத்தைக் கூர்ந்து படித்தது. 1985-இல் அமெரிக்காவுக்குத் தன் கருவியைக் கொண்டுபோனபோது உள்ளே ஒரு சிறு சில்லைச் சேர்த்தது. அதன் இணைச் சில்லு ஒவ்வொரு கேசட்டிலும் இருக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் இரண்டும் ஒரே கணக்கைப் போட்டு, விடைகளைப் பரிமாறிக்கொள்ளும். விடை ஒத்துப்போகவில்லையென்றால் கருவி ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும். திரை மினுக் மினுக்கென்று கண்சிமிட்டும். அந்தச் சில்லை வாங்க வேண்டுமானால் நிண்டெண்டோவின் அனுமதி வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும்.

தரத்தைக் காக்க வந்த பூட்டு, அப்படியே வருமான வழியாகவும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பெரிய கருவிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடந்தன. அச்சுப்பொறியை மலிவாகக் கொடுத்து மையில் பணம் பார்ப்பது போல, கருவியை ஏறக்குறைய அடக்கவிலைக்கே கொடுத்துவிட்டு, விற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பங்கு எடுத்துக்கொள்வது.

சில சமயம் அடக்கவிலைக்கும் கீழே போவார்கள். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் 60 ஜிகாபைட் வகை அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்றது. அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம், உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் அதைக் கோப்பதற்கும் ஆகும் செலவே சுமார் 840 டாலர் என்று கணக்கிட்டது. ஒவ்வொரு பெட்டியும் கடையைவிட்டுப் போகும்போது சோனிக்கு நட்டம். அந்த நட்டத்தை வாங்கியவர் பிறகு வாங்கும் ஆட்டங்கள் ஈடுகட்ட வேண்டும்.

இதே பிளேஸ்டேஷன் 3-இல் தொடக்கத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. விரும்பியவர்கள் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று சோனியே அனுமதித்தது. அதன் சில்லு அந்தக் காலத்தில் கணக்குப் போடுவதில் படு வேகம். எனவே ஆய்வுக்கூடங்கள் அதை விளையாட்டுக்கு அல்லாமல் கணினியாகவே வாங்கின. அமெரிக்க விமானப்படை மட்டும் சுமார் 1,760 பிளேஸ்டேஷன்களை ஒன்றாக இணைத்து ஒரு மீக்கணினியை உருவாக்கியது. சோனியின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஆட்டமே வாங்காத வாடிக்கையாளருக்கு மலிவு விலையில் பெட்டியைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வரவே வராது.

நம் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நட்டத்துக்கு விற்கும் பெட்டியைத் திறந்துவைக்க முடியாது. திறந்துவைத்த பெட்டியை நட்டத்துக்கு விற்க முடியாது. மலிவு, ஆற்றல், திறந்த தன்மை ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் சேர்க்கலாம், மூன்றாவது நழுவிப் போகும்.

2010 ஏப்ரலில் சோனி அந்தச் சன்னலை மூடிவிட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டியது. அடுத்து நடந்தது கணிதம் படிக்கும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று.

இன்றைய பூட்டுகளில் இணைச் சில்லு கிடையாது. மின்னிலக்கக் கையொப்பம்தான் பூட்டு. நிறுவனத்திடம் ஓர் இரகசிய எண் இருக்கும். அதைக் கொண்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கையொப்பம் கணக்கிடப்படும். கருவிக்குள் இருக்கும் இன்னோர் எண்ணைக் கொண்டு அந்தக் கையொப்பம் உண்மையா என்று சரிபார்க்கலாம், ஆனால் புதிதாகக் கையொப்பம் இட முடியாது. ஆட்டத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது, கருவி ஓட மறுக்கும். இந்தக் கையொப்பத்தைக் கணக்கிடும் ஒவ்வொரு தடவையும் புதிய தற்செயல் எண் ஒன்றையும் கலக்க வேண்டும் என்பது விதி.

2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் சில இளைஞர்கள் மேடையேறி, சோனியின் கையொப்பங்களில் அந்தத் தற்செயல் எண் மாறவே இல்லை என்று காட்டினார்கள். ஒரு கையொப்பம் என்பது ஒரு சமன்பாடு. அதில் தெரியாதவை இரண்டு: தற்செயல் எண், இரகசிய எண். ஒரு சமன்பாட்டிலிருந்து இரண்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டு கையொப்பங்களில் தற்செயல் எண் ஒன்றே என்றால்? இரண்டு சமன்பாடுகள், தெரியாதவை இரண்டே. இடைநிலைப்பள்ளியில் ஒருங்கமை சமன்பாடு போட்ட எவருக்கும் மீதி புரியும். கோடிக்கணக்கில் விற்ற கருவியின் இரகசிய எண் அப்படித்தான் வெளியே வந்தது.

ஊயா

2012 ஜூலை 10. ஜூலி உர்மன் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையவழி நிதிதிரட்டும் தளத்தில் ‘ஊயா’ என்ற கருவியை அறிவித்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கனசதுரம். வடிவமைத்தவர் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஈவ் பெஹார். விலை 99 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 310 ரிங்கிட். கேட்டது 950,000 டாலர். எட்டு மணி நேரத்துக்குள் அது வந்துவிட்டது. ஒரு மாதம் முடிந்தபோது 63,000-க்கும் மேற்பட்டோர் 8.6 மில்லியன் டாலர் கொடுத்திருந்தார்கள்.

இவ்வளவு பேர் ஏன் ஓடி வந்தார்கள் என்பதை இன்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அப்போது பெரிய கருவிகளுக்கு ஆட்டம் எழுத வேண்டுமானால் நிறுவனத்தின் ஒப்புதல், ஆயிரக்கணக்கில் செலவாகும் சிறப்புக் கருவி, இரகசியக்காப்பு ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். ஊயாவில் கடையில் வாங்கும் பெட்டியேதான் ஆட்டம் எழுதும் கருவியும். இயங்குதளம் ஆண்ட்ராய்டு. சாதாரணத் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறக்கலாம், உள்ளே நோண்டினாலும் உத்தரவாதம் போகாது என்று சொன்னார்கள். ஆட்டம் விற்ற பணத்தில் 70 விழுக்காடு எழுதியவருக்கு, 30 விழுக்காடு ஊயாவுக்கு. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வோர் ஆட்டத்தையும் கொஞ்சமாவது இலவசமாக விளையாடிப் பார்க்க விட வேண்டும்.

முன்னே சொன்ன முடிச்சை ஊயா எப்படி அவிழ்க்கப் பார்த்தது? சொந்தச் சில்லு செய்வதை விட்டுவிட்டு, திறன்பேசிகளுக்காக இலட்சக்கணக்கில் தயாராகும் சில்லை எடுத்துக்கொண்டது. என்விடியாவின் டெக்ரா 3. நான்கு கருக்கள், 1.7 கிகாஹெர்ட்ஸ் வேகம், உடன் 1 ஜிகாபைட் நினைவகம், 8 ஜிகாபைட் சேமிப்பிடம். பேசியில் பேட்டரி தீரும் என்றும் கை சுடும் என்றும் சில்லை அடக்கி ஓட்டுவார்கள். ஊயாவுக்கு மின்கம்பியும் ஒரு சிறு விசிறியும் உண்டு என்பதால் முழு வேகத்தில் ஓட்டலாம். நல்ல யோசனைதான். நட்டம் இல்லாமல் மலிவாக விற்க அன்று இருந்த ஒரே வழியும் அதுவே.

எங்கே சறுக்கியது?

முதலில் காலம். அறிவித்தது 2012 ஜூலையில், கடைக்கு வந்தது 2013 ஜூன் 25-இல். பேசி உலகில் ஓராண்டு என்பது ஒரு தலைமுறை. ஊயா அலமாரியில் ஏறியபோது அடுத்த தலைமுறைச் சில்லுகள் கொண்ட பேசிகள் விற்பனையில் இருந்தன. பெரிய கருவிகள் ஆறேழு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், வெளிவரும் நாளில் அவை காலத்துக்கு முன்னால் நிற்பதுதான். ஊயா முதல் நாளிலேயே ஓரடி பின்னால் நின்றது.

இரண்டாவது ஓர் எளிய பெருக்கல். இதே டெக்ரா 3 குடும்பச் சில்லுதான் 2012-இல் வந்த நெக்ஸஸ் 7 பலகைக் கணினியிலும் இருந்தது. அதன் திரையில் 1280-க்கு 800, அதாவது சுமார் 10 இலட்சம் புள்ளிகள். வீட்டுத் தொலைக்காட்சியிலோ 1920-க்கு 1080, சுமார் 21 இலட்சம். இரு மடங்கு புள்ளிகளை விநாடிக்கு 60 தடவை வரைய வேண்டும். அதுவும் பேசிக்கென்று குறுகலாக அமைத்த நினைவகப் பாதை வழியாக. ஏழு அங்குலத் திரையில் அழகாகத் தெரிந்த ஆட்டம் நாற்பது அங்குலத்தில் சோர்ந்துபோனது.

மூன்றாவது கை. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. நீங்கள் பொத்தானை அழுத்துவதிலிருந்து திரையில் ஆள் குதிப்பது வரை உள்ள தாமதம் சில படங்களைத் தாண்டினாலே விரல் உணர்ந்துவிடும், மூளைக்குக் காரணம் தெரியாவிட்டாலும். ஊயாவின் கம்பியில்லாக் கண்ட்ரோலரில் தாமதம் இருப்பதாகவும், பொத்தான்கள் மூடியின் விளிம்பில் சிக்கிக்கொள்வதாகவும் தொடக்கத்தில் புகார்கள் வந்தன. பின்னர் திருத்தினார்கள். ஆனால் விமர்சனங்கள் அதற்குள் எழுதப்பட்டுவிட்டன. (சொந்தத் தொலைக்காட்சியிலேயே இதைச் சோதிக்கலாம். பட அமைப்பில் ‘கேம்’ என்ற முறை இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். படத்துக்கு மெருகேற்றும் வேலைகளைத் தொலைக்காட்சி நிறுத்திவிடும், தாமதம் சட்டெனக் குறையும்.)

இவை எல்லாம் திருத்தக்கூடிய குறைகள். நான்காவதுதான் உண்மையில் கழுத்தைப் பிடித்தது: ஆட்டங்கள். பெட்டி நிறைய விற்றால்தான் ஆட்டம் எழுதுவோர் வருவார்கள். ஆட்டம் நிறைய இருந்தால்தான் பெட்டி விற்கும். பெரிய நிறுவனங்கள் கையிலிருந்து கோடிகளைப் போட்டுச் சொந்த ஆட்டங்களைச் செய்து இந்த வட்டத்தை உடைக்கின்றன. ஊயாவிடம் அந்தப் பணம் இல்லை. ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே ஆட்டங்கள் குவிந்து கிடந்தனவே என்று கேட்பீர்கள். அவை தொடுதிரைக்காக, பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றைச் சோபாவில் உட்கார்ந்து விளையாட யாரும் தனியாக ஒரு பெட்டி வாங்க மாட்டார்கள்.

இலவசமாக விளையாடிப் பார்க்கலாம் என்ற நிபந்தனையும் இரண்டு பக்கம் வெட்டியது. வெளிவந்து சில வாரங்கள் ஆன நிலையில், பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் ஏதேனும் ஓர் ஆட்டத்துக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் சுவைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். மலிவான பெட்டியைத் தேடி வருபவர் மலிவான ஆட்டத்தையும் தேடுவார் என்பது வியப்பல்ல. அவரைக் குறைசொல்லவும் முடியாது.

நல்ல ஆட்டம் வரவே இல்லையா? வந்தது. ‘டவர்ஃபால்’. நான்கு பேர் ஒரே திரையில் அம்பு விட்டு மோதும் ஆட்டம், மேடி தார்சன் எழுதியது. ஊயாவுக்காகவே ஒருவர் பெட்டி வாங்கலாம் என்று விமர்சகர்கள் எழுதிய ஆட்டம். 15 டாலர் விலையில் ஊயாவில் விற்றது சுமார் 7,000 பிரதிகள். 2014 மார்ச்சில் அது பிளேஸ்டேஷன் 4-க்கும் கணினிக்கும் போனபோதுதான் உலகம் அதைக் கண்டுகொண்டது. ஊயாவின் மிகச் சிறந்த ஆட்டம் தன் பெயரை வேறு வீட்டில்தான் சம்பாதித்தது. அந்தத் தார்சனை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

சிங்கப்பூரில் முடிந்த கதை

2015 ஜூலையில் ஊயாவின் மென்பொருளையும் ஆட்டக் கடையையும் ரேசர் நிறுவனம் வாங்கியது. விளையாட்டாளர்களுக்கான சுட்டிகள், விசைப்பலகைகள் செய்யும் அதே ரேசர். அதன் இணை நிறுவனரும் தலைமை நிர்வாகியுமான டான் மின் லியாங் சிங்கப்பூரர். பெட்டி தயாரிப்பது அத்தோடு நின்றது. கடை மட்டும் சில காலம் ஓடியது. 2019 ஜூன் 25-இல் அதையும் மூடினார்கள். கடைகளில் ஊயா விற்பனைக்கு வந்து அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள்.

இங்கேதான் ‘திறந்த’ என்ற சொல்லை நாம் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊயாவின் மூடியைத் திறக்கலாம், மென்பொருளைக் குடையலாம், எவரும் ஆட்டம் எழுதலாம். எல்லாம் உண்மை. ஆனால் புதுப் பெட்டியை முதன்முதலாக இயக்கும்போது அது இணையத்தில் ஊயாவின் சேவையகத்தைத் தேடிப்போய்க் கணக்குத் தொடங்கும். பல ஆட்டங்கள், ‘இவர் பணம் கட்டியவர்தானா?’ என்று அந்தச் சேவையகத்திடம் கேட்ட பிறகே முழுமையாகத் திறக்கும். கேட்கும் இடத்தில் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போனால், பணம் கட்டியவரும் கட்டாதவரும் ஒன்றுதான். மூடியைத் திறக்கலாம் என்று விற்ற பெட்டியின் உண்மையான சாவி எங்கோ ஒரு கணினிக்கூடத்தில் இருந்தது.

நம் பழைய மைக்ரோ ஜீனியஸை இன்று பரணிலிருந்து இறக்கித் துடைத்துச் செருகினால், ஓடினாலும் ஓடும். கேட்க அதற்கு யாரும் தேவையில்லை.

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஊயா போன வழியில் இல்லை. ஒரு வெற்றியையும் அதற்கு முந்தைய தோல்வியையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும். ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், 2015 நவம்பரில் ‘ஸ்டீம் மெஷின்’ என்ற பெயரில் லினக்ஸில் இயங்கும் வரவேற்பறைக் கருவிகளைப் பிற தயாரிப்பாளர்கள் மூலம் விற்கப் பார்த்தது. எடுபடவில்லை. ஸ்டீமில் இருந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்கு எழுதியவை, லினக்ஸில் ஓடாது. மறுபடி அதே ஆட்டப் பஞ்சம்.

வால்வ் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அடித்தளத்தில் வேலை செய்தது. 2018-இல் ‘புரோட்டான்’ வந்தது. விண்டோஸ் ஆட்டம், ‘இந்த முக்கோணத்தை வரை’ என்று விண்டோஸின் மொழியில் கேட்கும்போது, நடுவில் நின்று லினக்ஸுக்குப் புரியும்படி மொழிபெயர்த்துச் சொல்லும் மென்பொருள் அது. ஆட்டத்தை எழுதியவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் 399 டாலருக்கு ‘ஸ்டீம் டெக்’ கையடக்கக் கருவி வெளிவந்தபோது, ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் முதல் நாளே தயாராக இருந்தன. அது பூட்டில்லாத கணினி. வேறு இயங்குதளம் போடலாம், பாகங்களைக் கடையில் வாங்கி மாற்றலாம். அந்த 399 டாலர் விலையை எட்டியது வலித்தது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகச் சொன்னார். யார் எங்கே வாங்கினாலும் ஆட்டம் விற்பது பெரும்பாலும் தன் கடையில்தான் என்ற தெம்பு வால்வுக்கு இருந்தது. ஊயாவுக்கு அது இல்லை. மூன்றையும் சேர்க்க முடியாது என்ற முடிச்சை வால்வும் அவிழ்க்கவில்லை, கொஞ்சம் தளர்த்தியது. அந்தக் கருவியை மலிவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையிலேயே மலிவான பக்கத்தில் வேறு கதை நடக்கிறது. ஊயா அறிவிக்கப்பட்ட அதே 2012-இல், அதற்குச் சில மாதங்கள் முன்பு, பிரிட்டனில் ராஸ்பெரி பை என்ற 35 டாலர் கணினிப் பலகை வெளிவந்தது. பிள்ளைகள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். விளையாட்டுக் கருவி என்று யாரும் அதை விளம்பரப்படுத்தவில்லை. ஆனால் ஆர்வலர்கள் அதைத் தொலைக்காட்சியில் மாட்டிப் பழைய ஆட்டங்களை ஓடவைத்தார்கள். அது கோடிக்கணக்கில் விற்றது. ஊயா வாக்களித்த பலவும் ஊயாவின் பெயரில்லாமல் இங்கே நடந்தன.

இணையக் கடைகளில் இருநூறு, முந்நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சீனக் கையடக்கக் கருவிகளும் இந்த வகைதான். உள்ளே லினக்ஸோ ஆண்ட்ராய்டோ, ஒரு மலிவுச் சில்லு, நல்ல திரை. வன்பொருள் பாராட்டத்தக்கது. கூடவே வரும் நினைவட்டையில் ‘10,000 ஆட்டங்கள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தால் நமக்குப் பழைய கேசட் ஞாபகம் வரும். அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஏற்றப்பட்டவை. பழைய கருவியைப் போல் நடிக்கும் மென்பொருள் தவறல்ல, பிறருடைய ஆட்டத்தைப் படியெடுத்து விற்பதுதான் தவறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது பெற்றோரின் வேலை, கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இப்போது தார்சன். 2015-இல் அவரும் நோயல் பெர்ரி என்பவரும் நான்கே நாளில் மலையேறும் சிறு ஆட்டம் ஒன்றை எழுதினார்கள். எழுதியது ‘பிக்கோ-8’ என்ற கருவிக்காக. அப்படி ஒரு கருவி உலகில் இல்லை! அது கற்பனைக் கருவி. 128-க்கு 128 புள்ளித் திரை, 16 நிறம், ஓர் ஆட்டத்துக்கு 32 கிலோபைட் என்ற கட்டுப்பாடுகளைத் தானே விதித்துக்கொண்டு எந்தக் கணினியிலும் ஓடும் மென்பொருள். எவருடைய ஆட்டத்தின் நிரலையும் திறந்து படிக்கலாம். அந்த நான்கு நாள் ஆட்டம் வளர்ந்து 2018-இல் ‘செலஸ்டி’ என்ற முழு ஆட்டமாகி, ஒரு மில்லியனுக்கும் மேல் விற்றது. பெட்டி இல்லாத திறந்த தளம் ஒன்று, பெட்டி விற்ற திறந்த தளத்தைவிட அவருக்கு அதிகம் கொடுத்தது.

எல்லாக் கதவும் திறந்துவிட்டதாக நினைக்கவும் வேண்டாம். ‘கோடோ’ என்று ஆட்டம் எழுதும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. இலவசம், மூலநிரலும் எவருக்கும் திறந்தது. அதில் எழுதிய ஆட்டத்தைக் கணினிக்கோ பேசிக்கோ நேரே அனுப்பலாம். பிளேஸ்டேஷனுக்கோ நிண்டெண்டோவுக்கோ அப்படி அனுப்ப முடியாது. அந்த நிறுவனங்களின் நிரல் நூலகங்கள் இரகசியக்காப்பு ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. எவரும் படிக்கக்கூடிய மூலநிரலில் அவற்றைச் சேர்க்கச் சட்டம் விடாது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்தச் சிறு சில்லு இன்று சட்ட ஒப்பந்தமாக உருமாறி நிற்கிறது.

வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் என் கருத்தைச் சொல்கிறேன். புதிதாக இன்னொரு நூறு டாலர் பெட்டி, அழகிய விளம்பரத்தோடு, ‘திறந்த தளம்’ என்ற அட்டையோடு வந்தால் உடனே பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டால், வாங்கிய ஆட்டம் நாளைக் காலையும் ஓடுமா? அதற்கு நேரான பதில் கிடைக்காவிட்டால் வேண்டாம். அந்தப் பணத்துக்குக் கோலாலம்பூரின் லோயாட்டிலோ சிங்கப்பூரின் சிம் லிம்மிலோ அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறு கணினி ஒன்று கிடைக்குமா என்று பாருங்கள். லினக்ஸைப் போட்டு ஒரு கண்ட்ரோலரைச் செருகினால் ‘செலஸ்டி’ ஓடும், ‘டவர்ஃபால்’ ஓடும், கோடோவில் உங்கள் மகளே எழுதும் ஆட்டமும் ஓடும். புதிதாக வரும் பெரிய முப்பரிமாண ஆட்டங்கள் ஓடாது. அதை வாங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், பிறகு வீட்டில் சண்டை வேண்டாம்.

ஊயாப் பெட்டிகள் என்ன ஆயின? பல குப்பைக்குப் போயிருக்கும். எல்லாமே அல்ல. கடை மூடப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் ஆர்வலர்கள் ஆட்டங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர், ஊயாவின் சேவையகம் சொல்லிவந்த பதில்களை அப்படியே திருப்பிச் சொல்லும் மாற்றுச் சேவையகம் ஒன்றை எழுதி, அதன் மூலநிரலை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். பெட்டியைக் குடைய விட்டிருந்ததால்தான் இது முடிந்தது. யூஎஸ்பி வழியே ஒரு சிறு கோப்பை உள்ளே வைத்தால், ஊயா பழைய முகவரிக்குப் பதிலாகப் புதிய முகவரியில் கேட்கும். அங்கிருந்து பதில் வரும், பெட்டி திறக்கும்.